ஏடும் திரையும் காட்டும் ஸ்பானிய உலகம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு ஏடும் எழுதுகோலும் கொடுத்து, இரவுப் பள்ளியும் படிப்பகமும் நடத்திவரும் இக்கழகத்தின் வெள்ளி விழாவில் பேசக் கிடைத்த வாய்ப்பைப் பெரும்பேறாகக் கருதுகிறோம். அயல்நாட்டு மக்களின் பண்பாட்டை அவர்தம் இலக்கியத்தின் வாயிலாகவும் திரைப்படத்தின் வாயிலாகவும் அறிந்துகொள்வது எவ்வாறு என்னும் பொருளில் பேசுமாறு பொறுப்பாளர்கள் எம்மைப் பணித்தார்கள். நாம் ஸ்பானிய மொழி பேசும் மக்களை எடுத்துக்கொண்டோம்.

வகுப்பில் ஸ்பெயின் என்றால் மாணவர்கள் கொலம்பசின் பெயரைச் சொல்வார்கள். தென் அமெரிக்கா என்றால் கால்பந்து என்பார்கள். அதற்கு மேல் கேட்டால், “நம் ஊர்க் கதையையே இன்னும் எழுதி முடிக்கவில்லை, நமக்கு எதற்கு ஐயா ஸ்பெயின் கதை?” என்று துணிந்து கேட்கும் மாணவனும் உண்டு. அது நியாயமான கேள்வி. அக்கேள்விக்கு விடையாகவே இவ்வுரையை அமைத்துக்கொள்கிறோம்.

முதலில் இம்மக்கள் யாவர் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையிலுள்ள தீபகற்பத்தை உரோமானியர் ‘ஹிஸ்பானியா’ என்று அழைத்தனர். ஸ்பெயின் என்ற பெயரும் ஹிஸ்பானிக் என்ற சொல்லும் அதிலிருந்து பிறந்தவை. 1492ஆம் ஆண்டுக்குப் பின் ஸ்பானியப் பேரரசு அமெரிக்கக் கண்டத்தில் பரவியது. இன்று மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை ஏறத்தாழ 20 நாடுகளில் ஸ்பானியம் அரசு மொழியாக இருக்கிறது. ஆனால் அம்மொழி பேசுவோர் அனைவரும் ஒரே இனத்தவர் அல்லர். ஐரோப்பியர், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள், அமெரிக்கப் பழங்குடியினர், இவர்கள் கலந்து பிறந்தோர் என எல்லாரும் அவர்களுள் அடங்குவர். ஸ்பெயினில் முஸ்லிம்கள் 711ஆம் ஆண்டு முதல் 1492 வரை ஏதேனும் ஒரு பகுதியை ஆண்டதால் அம்மொழியில் அரபுச் சொற்களும் நிரம்ப உண்டு. சர்க்கரையை அவர்கள் ‘அசூக்கர்’ என்பர். அது அரபின் வழியாகச் சென்ற சொல். அதன் மூலமும் நம் வீட்டுச் ‘சர்க்கரை’யின் மூலமும் ஒன்றே.

இத்தகைய மக்களை எங்கிருந்து அறியத் தொடங்குவது? மன்னர் வரலாற்றிலிருந்து தொடங்கலாம். நாம் ஓர் ஏழைச் சிறுவனின் பசியிலிருந்து தொடங்குகிறோம். 1554ஆம் ஆண்டில் ‘லசாரில்யோ தெ தோர்மெஸ்’ என்றொரு சிறுநூல் வெளிவந்தது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. குருட்டுப் பிச்சைக்காரன் ஒருவனுக்கு வழிகாட்டியாகவும், பின்னர்ப் பாதிரியார் ஒருவருக்கு ஏவலனாகவும், அதன்பின் ஒரு சிறு பிரபுவிடம் வேலைக்காரனாகவும் இருந்த சிறுவன் தன் கதையைத் தானே சொல்கிறான். பாதிரியார் ரொட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். பிரபுவின் வீட்டிலோ பூட்டி வைக்கவும் ரொட்டி இல்லை. ஆனால் அந்தப் பிரபு, உண்டு முடித்தவர்போலப் பல் குத்திக்கொண்டு தெருவில் உலாவுகிறார்! உழைத்து உண்பது குலத்துக்கு இழுக்கு என்று எண்ணிப் பட்டினி கிடக்கும் மனிதர் அவர். அக்காலத்து ஸ்பானிய நாட்டின் குலப்பெருமை எத்தகையது என்பதை அந்த ஒரு பற்குச்சி காட்டிவிடுகிறது. 1559இல் சமய விசாரணை மன்றம் இந்நூலைத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது.

அந்தக் குலப்பெருமைக்கு ஒரு பெயரும் சட்டமும் இருந்தன. ‘இரத்தத் தூய்மை’ என்பது அப்பெயர். யூத சமயத்திலிருந்து கிறித்தவத்துக்கு மாறியவர்களின் வழிவந்தோர் பொதுப்பதவி வகிக்கக் கூடாதென்று 1449இல் தொலேதோ நகரில் விதி செய்யப்பட்டது. பின்னர்ப் பல தேவாலயங்களும் கல்லூரிகளும் அத்தகைய விதிகளை மேற்கொண்டன. முஸ்லிம் வழிவந்தோரும் அவ்வாறே விலக்கப்பட்டனர். சமயம் மாறியும் பிறப்பு அவர்களை விடவில்லை. தூய இரத்தம் என்று மெய்ப்பிக்கச் சான்றுகளும் சாட்சிகளும் வேண்டியிருந்தன.

இதை எதிர்த்துச் செர்வாந்தெஸ் என்னும் பேரெழுத்தாளர் என்ன செய்தார் தெரியுமா? சிரிக்க வைத்தார். 1615இல் அவர் வெளியிட்ட சிறு நாடகங்களுள் ‘அற்புதக் காட்சி அரங்கு’ என்ற பொருளுடைய ஒன்று உண்டு. இரண்டு ஏமாற்றுக்காரர்கள் ஒரு சிற்றூருக்கு வருகின்றனர். தாம் காட்டும் அற்புதக் காட்சி, முறையான திருமணத்தில் பிறந்தவர்களுக்கும் தூய கிறித்தவ இரத்தம் உடையவர்களுக்கும் மட்டுமே தெரியும் என்கின்றனர். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் வந்து அமர்கின்றனர். மேடையில் ஒன்றும் இல்லை. “இதோ காளை பாய்கிறது!” என்றதும் அஞ்சி ஒதுங்குகின்றனர். “இதோ எலிகள்!” என்றதும் பெண்கள் கூச்சலிடுகின்றனர். ஆளுநர் மட்டும் தமக்குள் புலம்புகிறார்: தமக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆயினும் மானம் காக்கத் தெரிவதாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். இறுதியில் படைவீரர்களுக்குத் தங்குமிடம் தேட வந்த அலுவலர் ஒருவர், விவரம் அறியாமல், “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்கிறார். உடனே எல்லாரும் அவரை இழிகுலத்தான் என்று ஏசுகின்றனர். அடிதடியில் நாடகம் முடிகிறது.

இளைஞர்களே, இந்நாடகத்தை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பாருங்கள். பிறப்பின் உயர்வு என்பது எவர் கண்ணுக்கும் தெரியாத பொருள். ஆனால் தெரியவில்லை என்று முதலில் சொல்பவன் அடிபடுகிறான். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் எழுதப்பட்ட இதனை விளங்கிக்கொள்ள நமக்கு அடிக்குறிப்பு வேண்டுமா?

இதே செர்வாந்தெஸ்தான் ‘டான் குவிக்சாட்’ என்ற நாவலை 1605இலும் 1615இலும் இரு பாகங்களாக வெளியிட்டவர். அதில் வரும் சாஞ்சோ பான்சா எழுதப் படிக்கத் தெரியாத உழவன். வேடிக்கை பார்ப்பதற்காக ஒரு பிரபுவின் குடும்பம் அவனை ஒரு ‘தீவின்’ ஆளுநராக்குகிறது. அவன் தடுமாறுவான், சிரிக்கலாம் என்று அவர்கள் காத்திருக்க, அவனோ வழக்குகளுக்கு நேர்மையான தீர்ப்பு வழங்குகிறான். வந்தபடியே வெறுங்கையோடு பதவியை விட்டும் செல்கிறான். வாய்ப்பு இல்லாமையை அறிவு இல்லாமை என்று கொண்டவர்களுக்கு அது தக்க விடை.

இனி, கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்குச் செல்வோம். ஸ்பானியரும் போர்த்துக்கீசியரும் குலவழியைக் குறிக்கக் ‘காஸ்டா’ என்ற சொல்லை வழங்கினர். போர்த்துக்கீசியர் இந்தியாவுக்கு வந்தபோது இங்கிருந்த சாதிப் பிரிவுகளுக்கு அச்சொல்லையே இட்டனர். ஆங்கிலத்தில் சாதியைக் குறிக்கும் ‘காஸ்ட்’ அதிலிருந்து வந்ததே. அதே சொல் ஸ்பானிய அமெரிக்காவில் கலந்து பிறந்த மக்களைத் தரம் பிரிக்கப் பயன்பட்டது. 18ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் தந்தை, தாய், குழந்தை ஆகிய மூவரை வரைந்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்தது இன்ன வகை என்று பெயர் எழுதிய ஓவியத் தொகுதிகள் பல தீட்டப்பட்டன. அவை இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

இங்கு ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சொல் ஒன்றாயிருப்பதால் நிலைமையும் ஒன்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கே கலப்பு மணம் பரவலாக நடந்தது. நிறமும் செல்வமும் பேச்சுமொழியும் ஒருவரின் நிலையைச் சிலவேளை மாற்றின. நம் நாட்டுத் தீண்டாமையின் வடிவம் வேறு. பிறர் கதையில் நம் முகத்தை மட்டும் தேடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதியாகும். முதலில் அவர்களை அவர்களாகவே பார்க்க வேண்டும். ஒப்புமை பிறகு தானே விளங்கும்.

இனி கியூபா நாட்டு மனிதர் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் ஹுவான் பிரான்சிஸ்கோ மன்சானோ. அடிமையாகப் பிறந்தவர். எழுதக் கற்பது அவருக்கு விதிக்கப்பட்டதன்று. எசமானர் எழுதிக் கசக்கி எறிந்த தாள்களைப் பொறுக்கி, நீவி, அவ்வெழுத்துகளின்மேல் மெல்லிய தாளை வைத்து வரி வரியாக வரைந்து பழகினார். இதைக் கண்ட எசமானர், “உன் நிலைக்கு இது தகாது, போய்த் தையல் வேலையைப் பார்” என்னும் பொருள்படக் கண்டித்தார். அவர் விடவில்லை. கவிதை எழுதினார். 1835இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அடுத்த ஆண்டில் எழுத்தாளர் நண்பர்கள் பணம் திரட்டி அவருக்கு விடுதலை வாங்கித் தந்தனர். அந்நூல் 1840இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவர் எழுதிய ஸ்பானிய மூலம் 1937இல்தான் அச்சேறியது. தம் சொந்த மொழியில் அது அச்சாக நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று! கசக்கி எறிந்த தாளில் எழுத்துப் பயின்ற அம்மனிதரின் பெயரை நம் படிப்பகத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும்.

நம் மகளிருக்கும் ஒருவரைச் சொல்வோம். 17ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் வாழ்ந்த துறவி, கவிஞர் சோர் ஹுவானா. பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லாத காலத்தில், ஆண் உடையில் தம்மை அங்கே அனுப்புமாறு சிறுமியாய் இருந்தபோதே தாயிடம் கேட்டவர். குறித்த நாளுக்குள் குறித்த பாடத்தைக் கற்காவிடில் தம் கூந்தலைத் தாமே வெட்டிக்கொள்வார். அறிவில்லாத தலைக்கு அழகு எதற்கு என்பது அவர் எண்ணம். பெண்கள் கற்கும் உரிமைக்காக 1691இல் அவர் எழுதிய விடை மடல் இன்றும் படிக்கப்படுகிறது.

அடுத்து பெரு நாடு. அங்கே ஆண்டீஸ் மலைகளில் வாழும் கெச்சுவா மொழி பேசும் பழங்குடி உழவர்களைப் பற்றிய நாவல்கள் பல உண்டு. சிரோ அலெக்ரியா 1941இல் வெளியிட்ட ‘உலகம் பரந்தது, அயலாருடையது’ என்ற பொருளுடைய நாவலில், ரூமி என்னும் சிற்றூரின் தலைவர் ரொசெந்தோ மாக்கி தம் ஊரில் பள்ளிக்கூடம் எழுப்பக் கனவு காண்கிறார். நிலக்கிழாரோ நீதிமன்றத் தாள்களைக் கொண்டே ஊரின் பொது நிலத்தைப் பறித்துவிடுகிறார். தலைவர் சிறையில் மாள்கிறார். அத்தாள்களைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லாமையின் விலை அது. அந்நாட்டில் எழுத்தறிவில்லாதோருக்கு வாக்குரிமை கிடைத்ததே 1979ஆம் ஆண்டு அரசியலமைப்பினால்தான். எழுத்தறிவின்மை என்ற பெயரால் மலைவாழ் மக்களில் பெரும்பாலோர் தேர்தலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர்.

அதே நாட்டவர் ஹொசே மரியா அர்கெதாஸ். வெள்ளையர் குடும்பத்தில் பிறந்தவர். தாயை இழந்த சிறுவனை, மாற்றாந்தாய் பணியாட்களோடு சமையலறையில் படுக்க வைத்தார். இழிவுபடுத்த எண்ணிச் செய்த அச்செயலே அவரை எழுத்தாளராக்கியது. பணியாட்களிடமிருந்து கெச்சுவா மொழியையும் பாட்டையும் அன்பையும் அவர் பெற்றார். 1958இல் வெளிவந்த ‘ஆழமான ஆறுகள்’ என்ற அவர் நாவலில் ஸ்பானிய வாக்கியங்களுக்குள் கெச்சுவாப் பாடல்கள் ஒலிக்கின்றன. அதில் கடைத்தெருப் பெண்கள் திரண்டு, பதுக்கப்பட்ட உப்பைக் கைப்பற்றிப் பண்ணை அடிமைகளின் குடிசைகளுக்கும் கொண்டு செல்கின்றனர். சமையலறையில் படுத்த சிறுவன் கண்ட உலகத்தை, வரவேற்பறையில் இருந்த எவரும் எழுதியிருக்க முடியாது.

கொலம்பியாவின் கார்சியா மார்க்கெஸ் எழுதிய ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலும் இங்கே நினைக்கத்தக்கது. 1928இல் சியெனகா என்னுமிடத்தில் வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்களைப் படையினர் சுட்டுக் கொன்றனர். 1967இல் வெளிவந்த அந்நாவலில் இந்நிகழ்ச்சி வருகிறது. உயிர் தப்பிய ஒருவன் ஊருக்குத் திரும்பிச் சொல்கிறான், நம்புவார் இல்லை, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அரசு அறிவித்துவிடுகிறது. நடந்ததை நடக்கவில்லை என்று பதிவு செய்யும் ஏடுகளுக்கு எதிராக ஒரு நாவல் சாட்சி சொல்ல முடியும் என்பதற்கு இதுவே சான்று. இந்நாவல் தமிழிலும் வந்துள்ளது, அவசியம் படியுங்கள்.

இனி திரைப்படம். ஏடு படிக்கத் தெரிந்தவருக்கே பேசும். திரை எல்லார்க்கும் பேசும். ஆகவேதான் திரையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஸ்பெயினில் பிறந்த இயக்குநர் லூயிஸ் புனுவெல், 1933இல் ‘லாஸ் ஊர்தெஸ்’ என்ற வறண்ட மலைப்பகுதியின் ஏழைகளைப் பற்றி ஒரு சிறு படம் எடுத்தார். ஸ்பானிய அரசு அதைத் தடை செய்தது. ஆனால் அப்படத்தில் மலையாடு ஒன்று தானாகவே பாறையிலிருந்து விழுவதாகச் சொல்லப்படும் காட்சியின் ஓரத்தில் துப்பாக்கிப் புகை தெரிகிறது! ஏழ்மையைக் காட்ட வந்தவரும் காட்சியை ஏற்பாடு செய்துவிட்டார். பின்னர் அவர் மெக்சிகோ நகரத் தெருச் சிறுவர்களைப் பற்றி 1950இல் எடுத்த ‘மறக்கப்பட்டோர்’, நாட்டை இழிவுபடுத்துவதாகக் கண்டிக்கப்பட்டுச் சில நாட்களிலேயே அரங்கை விட்டு எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் பரிசு கிடைத்ததும் மீண்டும் திரையிடப்பட்டது.

நாம் மிகவும் பரிந்துரைக்கும் படம், 2010இல் இசியார் போயாயின் என்ற பெண் இயக்குநர் அளித்த ‘மழையும்கூட’ என்ற பொருளுடைய படம். கொலம்பஸ் பழங்குடியினருக்கு இழைத்த கொடுமைகளைப் படமாக்க ஒரு குழு பொலிவியா நாட்டுக் கொச்சபம்பா நகருக்கு வருகிறது. ஏன் அங்கே? துணை நடிகர்களின் கூலி மலிவு. ஒரு நாளைக்கு இரண்டு டாலர் கொடுத்தால் போதும் என்று தயாரிப்பாளர் தொலைபேசியில் ஆங்கிலத்தில் மகிழ்ச்சியோடு சொல்கிறார். அருகில் நிற்கும் பழங்குடி நடிகன் தானியேல் அமெரிக்காவில் கட்டட வேலை செய்தவன், ஆங்கிலம் அறிந்தவன். அத்தனையும் அவனுக்குப் புரிகிறது! அதே நேரத்தில் அந்நகரில், குடிநீர் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து மக்கள் போராடுகின்றனர். தானியேல் அதன் முன்னணியில் நிற்கிறான். 2000ஆம் ஆண்டில் உண்மையாகவே நடந்த போராட்டம் அது. மக்கள் வென்றனர், ஒப்பந்தம் நீக்கப்பட்டது. ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய அநீதிக்குக் கண்ணீர் விடுவோர் கண்முன் நிற்பவனுக்கு நியாயமான கூலி கொடுக்கிறார்களா என்று இப்படம் கேட்கிறது.

2018இல் வந்த ‘ரோமா’ படத்தில் அல்போன்சோ குவாரோன் தம்மை வளர்த்த பணிப்பெண்ணின் நினைவாகக் கிளியோ என்னும் பழங்குடிப் பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தினார். அவ்வேடம் பூண்ட யலிட்சா அபாரிசியோ, ஆசிரியப் பயிற்சி பெற்றவர், அதற்குமுன் நடித்தறியாதவர். சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. ஆயினும் அது எசமானர் வீட்டு மகன் நினைவுகூர்ந்த கதை. கிளியோவே தன் கதையைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்றும் நாம் கேட்க வேண்டும்.

அவ்வாறு சொன்னவரும் உண்டு. குவாத்தமாலா நாட்டு மாயப் பழங்குடிப் பெண் ரிகோபெர்த்தா மெஞ்சு, ஸ்பானிய மொழியைக் கற்றுச் சில ஆண்டுகளே ஆன நிலையில், தம் மக்களின் வாழ்வையும் தம் குடும்பத்தின் சாவுகளையும் வாய்மொழியாகச் சொன்னார். அது 1983இல் நூலாயிற்று. நூலாசிரியர் என்று அச்சிடப்பட்டதோ அதைப் பதிவு செய்தவரின் பெயர். அந்நூலின் சில விவரங்கள் குறித்துப் பின்னாளில் விவாதமும் எழுந்தது. 1992இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே 1992இல்தான் தமிழில் பாமாவின் ‘கருக்கு’ வெளிவந்தது. ஒருவரை ஒருவர் அறியாத இரு பெண்கள் தம் மக்களின் கதையைத் தம் வாயாலேயே சொன்னார்கள்.

இதுவரை சொன்னவற்றிலிருந்து நாம் பெறுவது யாது? எந்த நாட்டு இலக்கியத்தையும் படத்தையும் அணுகும்போது மூன்று கேள்விகளை உடன் எடுத்துச் செல்லுங்கள். இக்கதையைச் சொல்பவர் யார்? கதையில் இருந்தும் பேசாதவர் யார்? அவர் பேசிய வேறு ஏடு எங்கேனும் உண்டா? இக்கேள்விகளோடு படித்தால் ஸ்பானிய மக்களின் நடனமும் திருவிழாவும் மட்டுமன்றி, அவர்களுடைய சமையலறையும் வயல்வெளியும் சிறைக்கூடமும் தெரியும். பண்பாடு என்பது இவை எல்லாம் சேர்ந்ததே.

“நமக்கு எதற்கு ஸ்பெயின் கதை?” என்ற மாணவனுக்கு இப்போது விடை சொல்வோம். தம்பி, உலகத்தை அறிவது வசதியுள்ளோரின் தனியுரிமை அன்று. உன்னைப் பற்றி மட்டுமே நீ படித்தால் போதும் என்று எவரேனும் சொன்னால், அது மன்சானோவைத் தையல் வேலைக்கு அனுப்பிய குரலின் எதிரொலி என்று அறிந்துகொள். தானியேலுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்ததால் அவனைப் பற்றிப் பேசியது அவனுக்கு விளங்கியது. உலகம் பேசுவது உனக்கும் விளங்க வேண்டும்.

கழகத்தாருக்கு இரண்டு வேண்டுகோள்கள். நம் படிப்பகத்தில் மொழிபெயர்ப்பு நூல்களுக்கென ஒரு நிலைப்பேழை அமையுங்கள்; திங்களுக்கு ஒருமுறை ஓர் அயல்நாட்டுப் படத்தைத் திரையிட்டு, முடிந்ததும் ஒரு மணி நேரம் கலந்து பேசுங்கள். அதில் பெண்பிள்ளைகள் முதலில் பேசட்டும். அடுத்து, நம் ஊர் முதியோர் ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் நம் மாணவர்கள் கேட்டு எழுதட்டும். எழுதியபின் அவர்களுக்கே படித்துக் காட்டி, அவர்கள் பெயரையே நூலாசிரியர் பெயராக இடட்டும். தம் கதை தம் மொழியில் அச்சாக அவர்கள் எவரும் நூறு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.